இக்கரையில் வேலை, அக்கரையில் வீடு: சிங்கப்பூரும் ஜோகூர் பாருவும் ஒரே பெருநகரமா?

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டில் விலை ஏறியதால் எடுத்த முடிவு. சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவுடையது. பெரும்பாலும் உயிருடன் லாரிகளில் எல்லை கடந்து வந்து, இங்கே அறுக்கப்பட்டு, அன்றன்றே சந்தைக்குப் போனவை அவை. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை போன்ற ஈரச்சந்தைகள்தாம் முதல் அடியை வாங்கின. பேரங்காடிகளில் பிரேசிலின் உறைந்த கோழிக்குக் குறைவில்லை. ஆனால் புதுக்கோழியை வெட்டிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு உறைந்த கோழியால் என்ன பயன்? அக்டோபர் 11 வரை தடை முழுதாக விலகவில்லை.

தேக்காவுக்கு அக்கரையிலிருந்து வருவது கோழி மட்டுமல்ல, ஆட்களும்தான். லிட்டில் இந்தியாவின் உணவகங்களிலும் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் தமிழ் பேசும் ஊழியர் தேவை. தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கு வேலை அனுமதிச் சீட்டு நீண்டகாலம் கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை போன்ற துறைகளுக்கே கிடைத்தது. உணவகங்களுக்கும் கடைகளுக்கும் அந்தச் சீட்டில் அவர்களை எடுக்க முடியாமல் இருந்தது. இந்திய உணவகங்கள் சமையல்காரர்களை இந்தியாவிலிருந்து அப்படி அமர்த்திக்கொள்ளலாம் என்ற தளர்வு 2023 செப்டம்பரில்தான் நடப்புக்கு வந்தது. மலேசியர்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. எனவே ஜோகூரின் மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் பகுதிகளின் மலேசியத் தமிழர்கள் சிராங்கூன் சாலையின் தொழிலாளர் சந்தைக்குள் இயல்பாக வந்து சேர்ந்தார்கள். ஜோகூர் பாருவின் லார்க்கினிலிருந்து குயீன் ஸ்திரீட் நிலையம்வரை ஓடும் 170ஆம் எண் பேருந்து அவர்களில் பலருக்கு வேலைக்குப் போகும் வண்டி. அந்த நிலையத்திலிருந்து தேக்காவுக்கு நடந்தே வந்துவிடலாம்.

மறுதிசையிலும் ஓட்டம் உண்டு. தீபாவளிக்குப் பலகாரமும் புதுத்துணியும் வாங்க, வாராந்திர மளிகைக்கு, முடிவெட்டிக்கொள்ள, பல் மருத்துவரைப் பார்க்க என்று சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஜோகூர் பாருவுக்குப் போகின்றன. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கும்போது போகாமல் இருப்பார்களா?

உழைப்பு, உணவு, கடைவீதி, உறவு ஆகிய நான்கும் நாள்தோறும் கலக்கும் இடத்தை நகரவியலார் தயக்கமின்றி ஒரே பெருநகரம் என்பார்கள். இங்கே நடுவில் ஒரு நாட்டெல்லை கிடக்கிறது. சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும், இவற்றை ஒட்டிய சிறு நகரங்களையும், ஒரே பெருநகரப் பகுதியாகக் கருதலாமா என்ற கேள்வி ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்தால் இப்போது கூர்மையடைந்திருக்கிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுகையில் இவை ஒன்றாக வேண்டியதில்லை, ஆகவும் முடியாது. கணக்கில் ஒன்றாகியே தீர வேண்டும். இதுவரை நடந்திருக்கும் எல்லாச் சேர்க்கையும் நிலத்தையும் முதலீட்டையும் சேர்த்ததே தவிர, தினமும் எல்லை கடக்கும் மனிதரை ஒரு முறைகூடச் சரியாக எண்ணவில்லை.

பெருநகரம் என்பதற்கு அளவுகோல் என்ன?

உலகில் இதற்கு நிலைத்துவிட்ட அளவுகோல் வேலைப் பயணம். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தின் வேலை செய்வோரில் 25 விழுக்காட்டினர் மைய நகருக்கு வேலைக்குப் போனால், அல்லது அந்த மாவட்டத்தின் வேலைகளில் அதே பங்கை மைய நகரத்தவர் வந்து செய்தால், அந்த மாவட்டம் மைய நகரின் பெருநகரப் புள்ளிவிவரப் பகுதியில் சேர்க்கப்படும். ஐரோப்பிய ஒன்றியமும் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பும் சேர்ந்து வகுத்த முறையில் 15 விழுக்காடு போதும். இந்தியாவின் வழி வேறு. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் பத்து லட்சம் மக்கள்தொகையையும், ஒன்றுக்கு மேற்பட்ட நகராட்சிகளோ ஊராட்சிகளோ அடங்கியிருப்பதையும் அளவாக வைத்து, ஆளுநரின் அறிவிக்கையால் பெருநகரப் பகுதியை உருவாக்கச் சொல்கிறது. யார் எங்கே வேலைக்குப் போகிறார் என்று அது கேட்பதில்லை. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிந்தது ஓர் அரசாணையால்தான்.

எனக்கு வேலைப் பயண அளவுகோலே நேர்மையானதாகப் படுகிறது. மக்கள் தங்கள் கால்களால் வரைந்த எல்லை அது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. தாம்பரம் மாநகராட்சியானது 2021இல். இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் எந்த நாளில் தாம்பரம் சென்னையின் பகுதியானது என்று எந்த அரசாணையைப் பார்த்தும் சொல்ல முடியாது. ரயிலில் ஏறியவர்களைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

ஜோகூர் பாருவுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். 2020 கணக்கெடுப்பில் ஜோகூர் பாரு மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். பாதிப் பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்தால் எட்டரை லட்சம். இவர்களில் எத்தனை பேர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார்கள்? இங்கேதான் சிக்கல். பெருந்தொற்றுக்கு முன் தினமும் மூன்று லட்சம் பேர் வந்துபோனார்கள் என்று செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதின. ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணும் புழங்கியது. மூன்று லட்சம் என்றால் 35 விழுக்காடு, அதாவது அமெரிக்க அளவையும் எளிதில் தாண்டிய பெருநகரம். ஒரு லட்சம் என்றால் 12 விழுக்காடு. அது ஐரோப்பிய அளவைக்கூட எட்டாது. பக்கத்து ஊர், அவ்வளவே.

மூன்று லட்சம் என்ற எண்ணை அப்படியே ஏற்க முடியாது என்பதற்குச் சோதனைச்சாவடிக் கணக்கே சாட்சி. காலையில் வந்து இரவு திரும்புபவர் சாவடியில் இரண்டு முறை எண்ணப்படுகிறார். மூன்று லட்சம் பேர் வந்துபோனால் அவர்களால் மட்டும் ஆறு லட்சம் கடப்புகள் பதிவாக வேண்டும். உட்லண்ட்ஸ் சாவடியின் அன்றாடக் கணக்கோ மூன்று லட்சத்தை ஒட்டியது. உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரு நிலச் சாவடிகளையும் சேர்த்து, பெருநாள் விடுமுறை நெரிசலில் ஒரே நாளில் ஐந்து லட்சத்தைத் தாண்டியபோது அது சாதனை எண்ணாக அறிவிக்கப்பட்டது. மூன்று லட்சம் என்ற எண், கடப்புகளின் தொகையை ஆட்களின் தொகையாக யாரோ வாசித்ததால் பிறந்திருக்கலாம். சாதாரண நாளில் இரு சாவடிகளிலும் நாலு லட்சம் கடப்புகள் என்று கொண்டு, சுற்றுலாவும் கடைக்குப் போவதும் ஒன்றுகூட இல்லை என்றே வைத்தாலும், வந்துபோகும் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க இடமில்லை. உண்மை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்க வேண்டும். அது ஐரோப்பிய அளவுகோலின் விளிம்பில் நிற்கும் எண். ஒரு பக்கம் சாய்ந்தால் பெருநகரம், மறுபக்கம் சாய்ந்தால் இல்லை.

பல கோடி வெள்ளி செலவில் இரு கரையையும் இணைக்கும் ரயில் பாதை போடும் இரு அரசுகளின் நடுவே, அடிப்படை எண் மூன்று மடங்கு வேறுபாட்டில் ஊசலாடுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

ஒரே நாடாக இருந்தபோது, இல்லாதபோது

அரசியல் இணைப்புதான் பெருநகரத்தை உண்டாக்குகிறது என்று நினைப்பவர்களுக்கு ஜோகூர் நீரிணையின் வரலாறு நல்ல பாடம்.

ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் ஜோகூர் கடற்பாலத்தில் 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபரில் பயணிகள் ரயிலும் ஓடின. 1924 ஜூன் 28இல் அதிகாரபூர்வத் திறப்பு. அதன்பின் தமிழரின் உலகம் இரு கரையையும் ஒன்றாகவே பாவித்தது. ஜோகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சிங்கப்பூர்தான் பட்டணம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு அச்சானது சிங்கப்பூரில். வாசகர்கள் மலாயாத் தோட்டங்களிலும் இருந்தார்கள். அவர் 1952இல் முன்னெடுத்த தமிழர் திருநாள் இரு கரையிலும் கொண்டாடப்பட்டது.

1963 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவில் இணைந்தது. ஒரே நாடு, ஒரே கொடி. இணைப்பின்போது வாக்களிக்கப்பட்ட பொதுச் சந்தை மட்டும் கைகூடவே இல்லை. 1965 ஆகஸ்ட் 9இல் பிரிவு நேர்ந்தது. அப்போதும் மக்கள் போக்குவரத்து மறுநாளே நின்றுவிடவில்லை. கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது 1967இல். இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லுபடியானது 1973 மே வரை நீடித்தது. ஆக, ஒரே நாடாக இருந்தபோது ஒரே சந்தையாக முடியவில்லை. இரு நாடான பின்னும் சில ஆண்டுகள் ஒரே பையிலிருந்து இரு கரையிலும் செலவு செய்ய முடிந்தது.

இன்று நாம் காணும் வேலைப் பயணம் அந்தப் பழைய ஒருமையின் மிச்சம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1973க்குப் பின் நாணயங்களின் மதிப்பு விலகி விலகிப் போனதன் விளைவு இது. வெள்ளியில் சம்பளம் வாங்கி ரிங்கிட்டில் வாடகை கட்டுவதால்தான் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் வரிசை பிடிப்பது ஒருவருக்குக் கட்டுப்படியாகிறது. சாதாரணப் பெருநகரத்தில் மையத்துக்கும் புறநகருக்கும் உள்ள வாடகை வேறுபாடு செய்யும் வேலையை இங்கே நாணய வேறுபாடு செய்கிறது. இந்தப் பெருநகரத்தைக் கட்டி வைத்திருப்பதே எல்லைதான். எல்லையை எடுத்துவிட்டால் பயணத்தின் காரணமும் பாதி போய்விடும். "ஒன்றாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

எல்லை முற்றாக மூடினால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் 18 காட்டியது. மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்று நடப்புக்கு வந்தது. முந்தைய இரவு உடுமாற்றுப் பையோடு கடற்பாலத்தைக் கடந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தங்க இடமில்லாமல் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தருகே சிலர் படுத்துறங்கிய படங்கள் வெளிவந்தன. ஒரு தொழிலாளருக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி என 14 இரவுகளுக்குத் தங்குமிடச் செலவை முதலாளிகளுக்குத் தர சிங்கப்பூர் முன்வந்தது. நல்ல, விரைவான நடவடிக்கை. பதினான்கு நாள் என்று எண்ணியது இரண்டு ஆண்டாக நீண்டது. நீண்டகால அனுமதியுடையோர் சில மாதங்களுக்கு ஒரு முறை வீடு போய்வரும் ஏற்பாடு ஆகஸ்டில் தொடங்கியது. கடற்பாலம் முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல். அந்த இரண்டாண்டில் குழந்தை பிறந்ததைத் திரையில் பார்த்தவர்களும், பெற்றோரின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாதவர்களும் உண்டு. எந்த நகரத் திட்டத்திலும் இவர்களுக்கென்று ஒரு பக்கம் அதுவரை எழுதப்பட்டிருக்கவில்லை.

நிலத்தைச் சேர்க்கும் திட்டங்கள்

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 1989 டிசம்பரில், அப்போது முதல் துணைப் பிரதமராக இருந்த கோ சோக் டோங், சிங்கப்பூர், ஜோகூர், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் மூன்றையும் இணைக்கும் வளர்ச்சி முக்கோணத்தை முன்மொழிந்தார். மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சிஜோரி என்றார்கள். சிங்கப்பூரின் மூலதனமும், ஜோகூரின் நிலமும், ரியாவ் தீவுகளில் ஒன்றான பாத்தாமின் உழைப்பும் என்பது கணக்கு. பாத்தாமிலிருந்து சிங்கப்பூர் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனாலும் அங்கிருந்து பெருந்திரளாக யாரும் தினமும் வேலைக்கு வருவதில்லை. அதற்குக் காரணம் கடல் அல்ல, அனுமதிச் சீட்டு விதி. ஜோகூருக்கும் ரியாவுக்கும் இடையிலான மூன்றாவது பக்கம் கடைசிவரை மெலிந்தே இருந்தது. முக்கோணம் என்று பேர், உள்ளபடி சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய இரண்டு கோடுகள்.

2006இல் ஜோகூரில் இஸ்கந்தர் மலேசியா என்ற வளர்ச்சிப் பகுதி வந்தது. தொடக்கத்தில் 2,217 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப்போல் மூன்று மடங்கு. பின்னர் அது இரு மடங்குக்கும் மேலாக விரிந்தது. அதற்குள் எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி நான்கு செயற்கைத் தீவுகளில் ஏழு லட்சம் பேர் வாழ்வதாகத் திட்டமிடப்பட்டது. மாசாயிலிருந்து தேக்காவுக்கு வரும் தொழிலாளியை எண்ணி அங்கே ஒரு வீடும் கட்டப்படவில்லை. வெளிநாட்டு வாங்குவோருக்காகக் கட்டிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் ஆளில்லாமல் நின்றன.

2025 ஜனவரியில் கையெழுத்தான சிறப்புப் பொருளியல் மண்டலம் இவற்றைவிடக் கவனமாக வரையப்பட்டது. ஜோகூர் பாரு நகர மையம், இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங், செனாய்-ஸ்கூடாய், பெங்கெராங், டெசாரு உட்பட ஒன்பது பகுதிகள் அதில் அடக்கம். முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்று இலக்கு. இந்த வேலைகள் ஜோகூரிலேயே உருவானால் எத்தனையோ பேர் நாலு மணிக்கு எழ வேண்டியிருக்காது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இலக்கின் அலகைப் பாருங்கள்: திட்டங்கள், முதலீடு, திறன்சார் வேலை. பயண நேரம் இத்தனை நிமிடம் குறையும் என்றோ, இருபது ஆண்டு இக்கரையில் உழைத்தவருக்கு முதுமையில் இன்னது கிடைக்கும் என்றோ முன்னணி இலக்குகளில் ஒன்றும் இல்லை.

சேம நிதி இங்கே குறிப்பாகச் சொல்லத் தக்கது. மத்திய சேம நிதி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதிச் சீட்டில் வருபவருக்கு முதலாளி சந்தா கட்டுவதில்லை. அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். மலேசியாவின் ஊழியர் சேம நிதியிலும் அங்குள்ள முதலாளியின் பங்கு இவருக்குக் கிடையாது. விரும்பினால் தாமே செலுத்தலாம். ஒரே பெருநகரத்தின் இரு கரையிலும் கால் வைத்து உழைத்தவர், இரு கரையின் ஓய்வுக்காலப் பாதுகாப்பிலிருந்தும் நழுவிவிடுகிறார். பெருநகரம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இது.

சேர்ந்த அனுபவம் சிங்கப்பூருக்கு உண்டு

நகரங்களைச் சேர்ப்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. தீவு முழுவதும் ஒரே நகரம் என்று இன்று எல்லாரும் நினைக்கிறோம். 1950களில் அப்படி இல்லை. 1951இல் அரச சாசனத்தால் மாநகரான பகுதிக்கு நகர மன்றம் ஒன்று. மீதித் தீவுக்குக் கிராமப்புற வாரியம். 1957 டிசம்பரில் நகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் தன்னாட்சி வந்ததும் அந்த மன்றத்தின் பொறுப்புகளை அரசே எடுத்துக்கொண்டது. வீடு 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும், தண்ணீரும் மின்சாரமும் 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் போயின. துவா பாயோவும் அங் மோ கியோவும் தெம்பனீசும் தனித்தனிக் குட்டி நகராட்சிகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு வேகமாக வீடும் சாக்கடையும் ரயிலும் வந்திருக்காது. ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: நகரத்துக்கென்று தனியாக வாக்களிக்கும் வழக்கம் அதோடு முடிந்தது. மலேசியாவிலும் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டவை. 1976 சட்டத்தோடு வழக்கொழிந்தன. பெருநகரமாகச் சேர்வது பற்றிக் கருத்துச் சொல்ல இரு கரையிலும் ஒரு நகர வாக்காளர்கூட இல்லை.

ஜோகூர் கரையில் நடப்பது நேரெதிர். 1994இல் ஜோகூர் பாரு மாநகரானது. 2017இல் இஸ்கந்தர் புத்ரி, 2020இல் பாசிர் கூடாங். ஒட்டிக் கிடக்கும் ஒரே கட்டடப் பரப்பில் இப்போது மூன்று மாநகர மன்றங்கள். கூலாய் அதற்கப்பால் தனி நகராட்சி. சிறு நகரங்களைச் சேர்ப்பதா என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் அவசரமானது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓட வேண்டும் என்பது திட்டம். நாலு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்குபவருக்குத் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் காத்திருக்கும். புக்கிட் சாகாரில் இறங்கும் பத்தாயிரம் பேர் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் எதில் போவார்கள்? அங்கே நகர ரயில் இல்லை. எல்லையைக் கடக்க ஐந்து நிமிடமும் வீடு போய்ச்சேர ஒன்றரை மணி நேரமும் ஆகுமானால், நெரிசலின் இடம்தான் மாறியிருக்கும்.

ஆகவே ஜோகூரின் அந்த மூன்று மாநகரங்களும் கூலாயும் போக்குவரத்துக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் ஒரே பெருநகரமாகவே செயல்பட வேண்டும் என்பது என் துணிபு. மன்றங்கள் தனியாகவே இருக்கட்டும். குப்பைக்கும் தெருவிளக்குக்கும் அவை அருகில் இருப்பதே நல்லது. பேருந்தும் பயணச்சீட்டும் ஒன்றாக வேண்டும். சென்னையில் மாநகராட்சிகள் தனித்தனியாக இருக்க, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே சீட்டு எடுக்கும் செயலியை 2025இல் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். பதினைந்து ஆண்டு காத்திருக்க ஜோகூருக்கு நேரமில்லை.

சேரக் கூடாதது எது

நீரிணைக்கு இரு புறமும் ஒரே நிர்வாகம் என்பதை நான் ஏற்காததற்குத் தண்ணீர் ஒன்றே போதிய காரணம். 1962 உடன்படிக்கைப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன்வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென். 2061வரை அது செல்லும். அந்த மூன்று சென்னைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு தலைமுறையிலும் சூடாகி அடங்குகிறது. சிறிய தரப்பு தன் உரிமையைப் பன்னாட்டு உடன்படிக்கையாக வைத்திருப்பதால்தான் அது இன்னும் நிலைத்திருக்கிறது. பொதுவான பெருநகர ஆணையத்தில் பெரும்பான்மை வாக்கால் முடிவாகும் விஷயமாக அதை மாற்ற எந்தச் சிங்கப்பூரரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. ஜோகூரின் அச்சமும் அதே அளவு நியாயமானது. பணக்கார மையத்தோடு சேரும் விளிம்பில் வாடகை உயரும், தாதியரும் தொழில்நுட்பரும் சிங்கப்பூருக்குப் போவார்கள், தொழிற்சாலையின் புகை மட்டும் ஜோகூரில் தங்கும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிகள் மூடப்பட்டன. நேர் எதிரே சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு. 2017 ஜனவரியில் பாசிர் கூடாங் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய், சாங்கிக் கடலின் மீன் பண்ணைகளை வந்தடைந்தது. காற்றும் நீரும் ஏற்கெனவே ஒரே பெருநகரமாகத்தான் இருக்கின்றன. இவற்றுக்கு இரு நாட்டுச் சுற்றுச்சூழல் கூட்டுக் குழு உண்டு. அதன் அளவீடுகள் இரு கரை மக்களும் நாள்தோறும் பார்க்கும்படி இருந்தால் அதுவே பெரிய சேர்க்கை.

அளவாகச் சேர்ந்தவர்களும் உலகில் இருக்கிறார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம் 2000 ஜூலையில் திறந்தது. இரு நாடு, இரு நாணயம், இரு அரசு. ஆனால் இரு நாட்டுப் புள்ளிவிவரத் துறைகளும் தரவைப் பகிர்ந்து, பாலம் கடந்து வேலைக்குப் போவோரை எண்ணி வெளியிட்டன. 2016 ஜனவரியில் சுவீடன் அடையாளச் சோதனையைப் புகுத்திப் பயண நேரம் நீண்டபோது, யாருக்கு என்ன இழப்பு என்று வாதிட அவர்களிடம் எண்கள் இருந்தன. அடுத்த ஆண்டே அந்தச் சோதனை விலக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த வழி இல்லை. சான் டியேகோவின் பெருநகரப் பகுதி எல்லைக் கம்பியோடு நின்றுவிடும். மறுபுறம் டிஹுவானாவில் தூங்கிச் சான் டியேகோவில் உழைப்பவர்கள் அந்தப் பகுதியின் வேலைப் பயணக் கணக்கில் வருவதில்லை.

இரவில் உறங்குமிடத்தை வைத்தே ஆட்களை எண்ணும் பழக்கத்தின் குறைபாட்டை லிட்டில் இந்தியாவைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் சிங்கப்பூரில் இல்லை. சிராங்கூன் சாலையை ஒட்டி வசிப்பவர் சிலர். ஞாயிறு மாலை அங்கே திரளும் வெளிநாட்டுத் தொழிலாளர் பல ஆயிரம். 2013 டிசம்பர் 8இல் அங்கே நடந்த கலவரத்துக்கு முன் அந்தக் கூட்டம் பெரும்பாலும் தொல்லையாகவே பார்க்கப்பட்டது. அதன்பின் விசாரணைக் குழு அமைந்தது. விளக்கு, கழிப்பறை, தங்குவிடுதிப் பேருந்து, மது விற்பனை நேரம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்துபோவோரின் தொகையை மனத்தில் வைத்துத் திருத்தப்பட்டன. மதுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அங்கே குடியிருக்காத மக்களுக்காகவும் ஓர் இடத்தைத் திட்டமிட இந்த அரசுக்குத் தெரியும் என்பது அதில் வெளிப்பட்டது. ஒரு துயர நிகழ்வு வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடற்பாலத்தில் எண்ணுவதற்குப் புதிய கணக்கெடுப்புப் படைகூடத் தேவையில்லை. 2024 மார்ச் முதல் சிங்கப்பூரின் நிலச் சாவடிகளில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். மலேசியாவும் அந்த வழியில் இறங்கியிருக்கிறது. ஆர்டிஎஸ் நிலையங்களில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கூரையின்கீழ், புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். ஒருவர் மாதத்தில் இருபது நாள் காலையில் வந்து மாலையில் திரும்பினாரா, மாதம் ஒரு முறை மளிகைக்குப் போய்வந்தாரா என்பது இரு அரசுகளின் கணினியிலும் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. பெயரை நீக்கிவிட்டு, எந்த மாவட்டத்திலிருந்து, எந்தத் துறை வேலைக்கு, எவ்வளவு நேரப் பயணத்தில் என்று சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறையும் மலேசியப் புள்ளிவிவரத் துறையும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே அட்டவணையாக வெளியிட முடியும். அந்த அட்டவணையின் முதல் பதிப்பு, ஆர்டிஎஸ் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரயில் எதை மாற்றியது என்பதை எவராலும் சொல்ல முடியாது.